வீடியோ கேசட்டும் வாடகைக் கடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுக்கிறேன். பையோடு வருகிறவர்கள் கேசட்டைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். ஐந்தாவது நிமிடம் பேச்சு வாடகைக் கடைக்குப் போய்விடும். வருகிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

வி.எச்.எஸ், வி.சி.ஆர், வி.சி.பி, டெக்... எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வி.எச்.எஸ் என்பது கேசட்டின் வகை. ஜப்பானின் ஜே.வி.சி நிறுவனம் 1976-இல் கொண்டுவந்தது. ‘வீடியோ ஹோம் சிஸ்டம்’ என்பதன் சுருக்கம் அது. வி.சி.ஆர் என்பது அந்தக் கேசட்டை ஓட்டவும் அதில் பதிவு செய்யவும் கூடிய கருவி. வி.சி.பி ஓட்டும், பதிவு செய்யாது. டெக் என்று பேச்சில் இரண்டையும் சொல்வோம். நானும் கீழே அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

இவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

அரை அங்குல அகலத்தில், அதாவது 12.7 மில்லிமீட்டரில், ஒரே ஒரு நாடா. மூன்று மணி நேரக் கேசட்டில் அது சுமார் 258 மீட்டர் இருக்கும். பாலியஸ்டர் படலத்தின் மேல் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒரு பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். படமும் ஒலியும் அந்தத் துகள்களின் காந்த நிலையாகத்தான் பதிந்திருக்கின்றன. இந்தப் பசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உண்மையான வேடிக்கை டெக்குக்குள் இருக்கிறது. வீடியோ சிக்னலைப் பதிய வேண்டுமானால் ஹெட்டும் (டேப்பில் பதியவும் படிக்கவும் செய்யும் சின்னக் காந்த முனை) டேப்பும் ஒன்றையொன்று விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு போக வேண்டும். ஆடியோ கேசட் மாதிரி ஹெட்டை அசையாமல் நிறுத்திவிட்டு டேப்பை மட்டும் அந்த வேகத்தில் இழுத்தால், 258 மீட்டரும் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் ஹெட்டைச் சுழலவிட்டார்கள். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். அது நிமிடத்துக்கு 1,500 அல்லது 1,800 முறை சுற்றும். டேப் அதைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்று நத்தை போல நகரும். ஆகவே படம் டேப்பில் நீளவாக்கில் இல்லை, சாய்ந்த கோடுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறது. கேசட்டை உள்ளே தள்ளியதும் ‘கடகட’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது டெக் டேப்பை வெளியே இழுத்து அந்த உருளையில் சுற்றும் சத்தம்.

பீட்டாமேக்ஸ்தான் தரமானதுன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் தோத்துது?

சோனி பீட்டாமேக்ஸை 1975-இல், அதாவது ஒரு வருடம் முன்பே இறக்கிவிட்டது. கேசட் சின்னது, படமும் கொஞ்சம் துல்லியம். ஆனால் முதலில் வந்த பீட்டாமேக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும். வி.எச்.எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு முழுப் படம் ஒரே கேசட்டில் அடங்குமா என்பதுதான் வீட்டுக்காரர்களுக்கு முக்கியமாக இருந்தது. பீட்டாவும் பிறகு வேகத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டியது. அப்படிக் கூட்டியதில் அந்தத் துல்லியத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஜே.வி.சி தன் முறையைப் பல நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டதால் டெக்குகள் எங்கும் கிடைத்தன. வாடகைக் கடைகளும் எந்த டெக் அதிகம் இருந்ததோ அதற்கான கேசட்டையே வாங்கி வைத்தன. 1988-இல் சோனியே வி.எச்.எஸ் டெக் செய்ய ஆரம்பித்துவிட்டது. அதே சோனி பீட்டாமேக்ஸ் கேசட் விற்பதை நிறுத்தியது 2016-இல்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

டிவியில வர்றதைப் பதிவு பண்ணிட்டு இருந்தோமே, அது சட்டப்படி சரியா?

இதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது. யுனிவர்சல் ஸ்டூடியோ அமெரிக்காவில் சோனி மேல் போட்டது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது நியாயமான பயன்பாடுதான் என்று 1984-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில். ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே டெக்கின் கதை வேறு மாதிரி போயிருக்கும். மற்ற நாடுகளில் சட்டம் வேறு வேறு.

வாடகைக்கு எடுக்கிற பழக்கத்தை யார் ஆரம்பிச்சாங்க?

கடை வைத்தவர்கள்தான். சினிமா நிறுவனங்களுக்கு முதலில் அதில் பிரியமில்லை. 1977-இல் ஆந்த்ரே பிளே என்பவர் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் 50 படங்களுக்கு அனுமதி வாங்கி, கேசட்டாகப் போட்டு விற்றார். லாஸ் ஏஞ்சலீஸில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்தக் கேசட்டுகளை விலைக்கு வாங்கி, வாடகைக்கு விட்டார். காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவர் வாடகைக்கு விடலாம் என்று அமெரிக்கச் சட்டம் இடம் கொடுத்தது.

நிறுவனங்கள் அதற்குப் பதிலாகக் கேசட் விலையைத் தூக்கி வைத்தன. புதுப்படக் கேசட்டுக்குக் கடைக்காரர் கொடுத்த விலை, பின்னால் பொதுமக்களுக்கு விற்ற விலையைப் போலப் பல மடங்கு. அதனால் ஒரு கடையில் ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும். “அது வெளியே போயிருக்கு” என்ற பதிலை நாம் இத்தனை முறை கேட்டதற்கு இதுதான் காரணம். கடைக்காரருக்கு நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

நான் எந்தெந்தப் படம் எடுத்தேன்னு கடைக்காரருக்கு அப்படியே தெரியுமே. யாரும் கவலைப்படலையா?

கவலைப்பட்டார்கள், ஆனால் ஒரு பெரிய மனிதருக்கு நடந்த பிறகு. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் எடுத்த கேசட்டுகளின் பட்டியல் ஒரு பத்திரிகையில் வெளியாகிவிட்டது. 146 படங்கள். அதில் சங்கடமான படம் எதுவும் இல்லை. ஆனாலும் நாளை நம் பட்டியலும் வெளியே வரலாமே என்று அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த வருடமே வீடியோ வாடகை விவரங்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒரு வாடகைக் கடைப் பட்டியலுக்கு அவ்வளவு பயந்தோம்.

ரீவைண்ட் பண்ணிக் கொடுக்கச் சொன்னது சும்மா ஒரு மரியாதைக்குத்தானா?

பாதி மரியாதை. ஒரு முழுக் கேசட்டைப் பின்னால் சுற்ற மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு நூறு கேசட் திரும்பி வரும் கடையில் அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு வேலைக்காகவே தனி ரீவைண்டர் கருவி விற்றார்கள். டெக்கின் மோட்டாருக்கும் அதனால் ஓய்வு.

இன்னொரு காரணமும் உண்டு. டேப்பின் இரண்டு முனையிலும் படம் பதியாத, கண்ணாடி போன்ற ஒரு துண்டு இருக்கும். டெக்கில் உள்ள விளக்கின் ஒளி அதன் வழியே ஊடுருவும்போது ‘முடிந்தது’ என்று டெக் நிற்கும். முழுக்கச் சுற்றி வைத்தால் அந்த வெற்றுத் துண்டுதான் வெளியே தெரியும். கைபட்டாலும் தூசி பட்டாலும் படத்துக்குச் சேதமில்லை. நடுவில் நிறுத்தி எடுத்தால் படம் பதிந்த பகுதி வாசலில் நிற்கும்.

வாடகைக் கேசட்ல சரியா ஒரு இடத்துல மட்டும் கோடு கோடா வருமே, அது ஏன்?

இதைச் சிரிப்போடு கேட்பார்கள், பதிலும் அவர்களுக்குத் தெரியும். பலர் நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்த இடம் அது. பாஸ் போட்டால் டேப்தான் நிற்கும், ஹெட் நிற்காது. மேலே சொன்ன வேகத்தில் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் சில நிமிடம் பாஸில் விட்டால் டெக் தானாக நின்றுவிடும்படி செய்திருந்தார்கள். யாருடைய ரசனை எது என்பதை டேப் இப்படி எழுதி வைத்துக்கொண்டது. சண்டைக் காட்சியில் தேய்ந்த கேசட்டும் பார்த்திருக்கிறேன், ஒரு பாட்டில் மட்டும் தேய்ந்த கேசட்டும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

காப்பி எடுத்தா படம் இருட்டி இருட்டி வெளிச்சமாகும். அது டெக் கோளாறா?

கோளாறு இல்லை, பூட்டு. 1980-களின் நடுவிலிருந்து பல கேசட்டுகளில் மேக்ரோவிஷன் என்ற முறையைச் சேர்த்தார்கள். சிக்னலில் ஒரு படச்சட்டத்துக்கும் (ஃபிரேம்) அடுத்ததுக்கும் இடையே திரையில் தெரியாத வரிகள் சில உண்டு. அங்கே பொய்யான வெளிச்சத் துடிப்புகளை வைத்தார்கள். டிவி அதைக் கண்டுகொள்ளாது. பதிவு செய்யும் டெக், சிக்னல் அதிகம் என்று நினைத்துக் குறைக்கும், பிறகு கூட்டும். இன்றைய கணினிப் பதிவுக் கருவிகளில் சிலவும் இதே மாதிரி ஏமாறும் அல்லது பதிவு செய்யவே மறுக்கும்.

எல்லாப் படமும் கையில இருக்கு இப்போ. கடையில அப்படி என்னதான் இருந்தது?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படம் இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகத் தெரிந்தது. தேர்வு குறைவு. வி.எச்.எஸ்ஸில் கிடைமட்டத் துல்லியம் சுமார் 240 வரிதான். அந்தக் காலக் கருவிகளுக்கு ஏங்குகிற ஆள் நான் இல்லை. டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றினவனுக்கு அந்த ஏக்கம் எளிதில் வராது.

ஆனால் கடையில் ஒன்று நடந்தது. நினைத்துப் போன படம் இருக்காது, காரணம் மேலே சொன்ன விலைக் கணக்கு. அட்டைகள் முகத்தைக் காட்டி நிற்கும். நீங்கள் நின்றபடியே ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் படிப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் அதே அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். “அதை எடுக்காதீங்க, கடைசியில ஒன்னும் இல்லை” என்று அவரோ கடைக்காரரோ சொல்வார். நீங்கள் கேட்காமல் வந்த கருத்து அது. தப்பாகவும் இருக்கும். கடைசியில் யாருக்கும் முழுச் சம்மதம் இல்லாத ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

அப்புறம் அந்தப் படத்தை முழுக்கப் பார்ப்பீர்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், காசும் கொடுத்தாகிவிட்டது, வேறு படமும் கையில் இல்லை. முதல் இருபது நிமிடம் இழுத்தால் இன்று மாற்றிவிடுகிறோம். அன்றைக்கு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பிடித்த படங்களில் பாதி, வேறு வழியில்லாமல் கடைசி வரை பார்த்தவை. என்னிடம் வருகிறவர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஞாபகத்தில் இருப்பது பெரும்பாலும் தேடிப் போன படம் இல்லை, தேடாமல் கொண்டுவந்த படம்.

கடைகளை மூடினது ஸ்ட்ரீமிங்தானே?

அது வந்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. 1996-இன் கடைசியில் ஜப்பானில் டிவிடி வந்தது. மெல்லிய வட்டு, ரீவைண்ட் கிடையாது, உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். நெட்ஃபிளிக்ஸ் 1998-இல் செய்யத் தொடங்கியது இதைத்தான். கேசட்டை அப்படி அனுப்பியிருந்தால் தபால் செலவே வாடகையைத் தாண்டியிருக்கும். தாமதக் கட்டணம் இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. தாமதக் கட்டணத்தால் வாடிக்கையாளரிடம் கடைகள் சம்பாதித்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. வட்டின் விலையும் விழுந்தது. வாடகைக்கு எடுப்பதைவிடச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று ஆனபோது கடைக்கு இன்னொரு அடி.

டல்லாஸில் 1985-இல் ஒரே கடையாக ஆரம்பித்த பிளாக்பஸ்டர், 2004 வாக்கில் உலகம் முழுக்க சுமார் 9,000 கடையாக இருந்தது. 2010-இல் திவால் மனு கொடுத்தது. 2019-இல் ஆஸ்திரேலியாவில் இருந்த கடையும் மூடியபின், ஓரிகான் மாநிலத்தின் பெண்ட் நகரில் ஒரே ஒரு கடை அந்தப் பெயரோடு நின்றது. கதையின் வேடிக்கை, நெட்ஃபிளிக்ஸும் 2023 செப்டம்பரில் தபால் வட்டுகளை நிறுத்திவிட்டது. கடைகள் மொத்தமாகப் போய்விடவில்லை. சியாட்டிலில் உள்ள ஸ்கேர்குரோ வீடியோ 2014 முதல் லாப நோக்கமில்லாத அமைப்பாக நடக்கிறது. அங்கே இருக்கும் படங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும், வட்டிலோ இணையத்திலோ வராத கேசட்டுகளும் சேர்த்து.

என் கேசட்டெல்லாம் இன்னும் ஓடுமா?

முப்பது வருடம் தாண்டியவை நன்றாக ஓடுவதைப் பார்க்கிறேன், பதினைந்து வருடத்தில் கெட்டதையும் பார்க்கிறேன். வைத்திருந்த இடம்தான் வித்தியாசம். மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன பசை, காற்றின் ஈரத்தை இழுத்து மெல்லச் சிதையும். பிசுபிசுப்பாகும், துகள் உதிரும், ஹெட் அடைத்துக்கொள்ளும். காந்தப் பதிவு மங்குவதைவிட இதுதான் பெரிய தொல்லை. வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில், முழுக்கச் சுற்றி, புத்தகம் போல நிறுத்தி வையுங்கள்.

டேப் இருந்தாலும் டெக் இருக்க வேண்டுமே என்பது அடுத்த கவலை. கடைசியாக வி.சி.ஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழைய டெக்கைத்தான் தேட வேண்டும். ரப்பர் பெல்ட்டும் ரோலரும் இறுகிப்போன டெக் டேப்பைத் தின்னும். அதனால் வாங்கியதும் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள். கல்யாணக் கேசட்டில் சோதனை செய்தவர் ஒருவர் என்னிடம் வந்தார். மேலும் சொல்ல எனக்கு மனமில்லை.

ஜன்னல் வழியா பார்த்தா டேப் ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கு. ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?

கூடாது. அது பூஞ்சை. ஒரு முறை ஓட்டினால் டெக்குக்குள் பரவி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும். மற்ற கேசட்டுகளிலிருந்து தனியே எடுத்து, மூடிய பையில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களே திறப்பதானால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கேசட்டை முதல்ல மாத்தணும்?

பெரும்பாலானவர்கள் பிடித்த படத்தின் கேசட்டை எடுத்து நீட்டுகிறார்கள். ஏக்கம் அதில் இருக்கிறது, புரிகிறது. ஆனால் அந்தப் படத்துக்கு வேறு பிரதிகள் உண்டு. கேமராவில் எடுத்த வீட்டு விழாவுக்கு வேறு பிரதி கிடையாது. அதற்கு அடுத்தபடி, டிவியிலிருந்து பதிவு செய்தவை. படத்துக்கு நடுவே வந்த விளம்பரம், செய்தி, அறிவிப்பாளர் முகம், இவற்றை நிலையங்களே பல சமயம் வைத்திருக்காது. பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது வருடத்துக்கு மேல், 2012-இல் இறக்கும்வரை, தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் பதிவு செய்துகொண்டிருந்தார். சுமார் 70,000 கேசட். பின்னர் அவை, பழைய பதிவுகளை இணையத்தில் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போயின. உங்கள் வீட்டில் “விளம்பரத்தை வெட்டாம விட்டுட்டேன்” என்று யாராவது திட்டு வாங்கியிருந்தால் இப்போது மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

ஒரு விழா கேசட் மேலேயே வேற ஏதோ பதிவாயிடுச்சு. அடியில இருக்கிறதை எடுக்க முடியுமா?

முடியாது. புதிதாகப் பதியும் முன் டெக்கின் அழிப்பு ஹெட், டேப்பின் முழு அகலத்தையும் துடைத்துவிடும். அடியில் என்று ஒன்றும் மிஞ்சாது. எங்கள் வீட்டிலும் ஒரு பிறந்தநாளின் கடைசிப் பகுதியை ஒரு விளையாட்டுப் போட்டி விழுங்கிவிட்டது. கேசட்டின் முதுகில் ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தால் டெக் பதிவு செய்ய மறுத்திருக்கும். மீதமுள்ள கேசட்டுகளில் இன்றே உடைத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கேசட் கறுப்பு வெள்ளையா உருளுது. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. டிவி முறை நாட்டுக்கு நாடு மாறும். பால் முறை (குடிக்கிற பால் இல்லை) 625 வரி, விநாடிக்கு 25 படம். என்.டி.எஸ்.சி முறை 525 வரி, விநாடிக்குச் சுமார் 30 படம். செகாம் என்று மூன்றாவதும் உண்டு. கேசட் பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே பேசும் மொழி வேறு. பல முறைகளையும் ஓட்டும் டெக் தேடுங்கள்.

நானே மாத்திக்கலாமா? ஒரு நாள்ல முடியுமா?

மாற்றலாம். எல்லாக் கேசட்டும் ஒரு நாளில் முடியாது, மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். டெக், பதிவுக் கருவி, கணினி மூன்றும் போதும். மலிவான பதிவுக் கருவிகளில் போகப் போக வாயசைவும் ஒலியும் விலகும். டேப்பின் வேகம் சீராக இல்லாததால் கருவி நடுநடுவே படங்களைத் தவறவிடுவதுதான் காரணம். ‘டைம் பேஸ் கரெக்டர்’ உள்ள டெக் அல்லது தனிக் கருவி இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

கோப்பை எந்த அழகுபடுத்தலும் செய்யாமல் முதலில் சேமியுங்கள். கூர்மையாக்குவது, இரைச்சல் நீக்குவது எல்லாம் அதன் நகலில் செய்யுங்கள். அழகுபடுத்தும் மென்பொருள் சில நேரம் பாட்டியின் முகத்தை மெழுகுப் பொம்மை ஆக்கிவிடுகிறது. விநாடிக்கு 8 மெகாபிட்டில் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட் ஆகும், பயப்படும் அளவு இல்லை.

என்கிட்ட இருக்கிற பழைய கேசட் லட்சக்கணக்குல போகுமாமே?

கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. 2022-இல் ஓர் ஏலத்தில், உறை பிரிக்காத ‘பேக் டு தி ஃபியூச்சர்’ கேசட் ஒன்று 75,000 டாலருக்குப் போனது உண்மை. அது அந்தப் படத்தில் நடித்தவரே வைத்திருந்த பிரதி. நீங்கள் பார்த்துத் தேய்த்த கேசட்டுக்கு அந்தக் கணக்கு ஓடாது.

மாத்தியாச்சு. இனி கேசட்டைத் தூக்கிப் போட்டுடலாமா?

இடம் இருந்தால் வேண்டாம். ஹெட்டிலிருந்து வரும் சிக்னலை அப்படியே பிடித்து, டெக்கின் பழைய சுற்றுகள் செய்த வேலையை மென்பொருளால் செய்யும் முறை இப்போது வந்திருக்கிறது. அதே டேப்பிலிருந்து நான் எடுத்ததைவிடத் தெளிவான படத்தை நாளைக்கு ஒருவர் எடுக்கலாம். அதுவரை டேப் இருக்க வேண்டும்.

போடத்தான் வேண்டும் என்றால் லேபிளையாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் வந்த ஒரு கேசட்டில் மூன்று படத்தின் பெயர் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தது. அவற்றுக்கு மேல் சிவப்பு மையில் ‘அழிக்கக் கூடாது’. அதற்குக் கீழே, வேறு ஒரு சின்னக் கையெழுத்தில், ‘சரி’.